பன்னிரண்டு பாடல்களும் ஒரு வாக்கெடுப்பும்



திரைப்பாடல்களைப் பற்றிப் பிள்ளைகள் வாதிடுவதை வீண்பொழுது என ஒதுக்குவோர் நம்மிடையே பலர் உளர். தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் கூறிப் பேசும் பழக்கத்தை நான் முதன்முதலில் கண்டது பாடல் வாதங்களில்தான்.

1980களின் இறுதியில் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பாட்டு என்றால் பெரும்பாலும் வானொலி, இல்லையேல் ஒலிநாடா. வானொலியில் விரும்பிய பாடல் எப்பொழுது வரும் என்பது தெரியாது. ஆகவே, சம்பளம் போட்ட வாரத்தில் எங்கள் லயத்து இளைஞர்கள் பணம் சேர்த்து, சிரம்பான் கடையொன்றில் பாடல்களைப் பதிவு செய்து வருவர். 60 நிமிட நாடாவில் பக்கத்திற்கு 30 நிமிடம். ஏறத்தாழ 12 பாடல்களே அடங்கும். எந்தப் பன்னிரண்டு என்பதில்தான் போராட்டம்!

கித்தாக் கொட்டைகளே வாக்குகள். பாடலின் பெயர் ஒட்டிய மங்கில் ஆளுக்கொரு கொட்டை இடவேண்டும். 'புன்னகை மன்னன்' (1986), 'அக்னி நட்சத்திரம்' (1988) பாடல்களுக்கு இளைஞர்கள் அணி திரள்வர். 1989இல் 'கரகாட்டக்காரன்' வந்தபின் மூத்தோர் அணி வலுப்பெற்றது. மூன்றுக்கும் இசை இளையராஜாதான். ஆயினும் சண்டை ஓயவில்லை.

"ஆட்டம் போட நல்லா இருந்தா போதுமா தம்பி? கேசட்டை நிறுத்தின பிறகும் பாட்டு வாயிலே நிக்கணும்" என்பார் பால்மரம் வெட்டும் அக்காள் ஒருவர்.

"நாதஸ்வரமும் தவிலும் கோயில் திருவிழாவிலே கேக்குறோமே அக்கா. இந்தச் சத்தத்தை வேற எங்கே கேக்குறது?" என்பான் எதிரணியினன்.

இரண்டுமே நல்ல காரணங்கள். அவற்றைக் கேட்டுக் கொட்டையை இடம் மாற்றியவர்களும் உண்டு.

வாக்கு எண்ணிக்கை மட்டும் எதைக் காட்டும்? 2002இல் பிபிசி உலகச் சேவை நடத்திய வாக்கெடுப்பில் 'தளபதி' (1991) படப்பாடல் ஒன்று நான்காம் இடம் பெற்றது. மூன்றாம் இடம் பாகிஸ்தானின் வைட்டல் சைன்ஸ் குழு 1987இல் பாடிய பாப் பாடலுக்கு. முதலிடம் அயர்லாந்துப் பாடலொன்றுக்கு. எத்தனை பேர் விரும்பினர் என்பதை அப்பட்டியல் கூறும். ஏன் விரும்பினர் என்பதை வாதமே கூறும்.

இன்று என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் பிடித்த பாடல் எதுவென்றால் உடனே விடை வரும். ஏன் என்றால், "நல்லா இருக்கு டீச்சர்" என்பதோடு நின்றுவிடும். கைத்தொலைபேசியில் பாடல்களுக்கு அளவில்லை. அடுத்த பாடலையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லாதபோது காரணம் எதற்கு? தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபின், பெரியவரும் சிறியவரும் கூடித் தமிழில் வாதிடும் இடமும் குறைந்துவிட்டது.

எனவே, வகுப்பில் பன்னிரண்டே பாடல்கள் என்று வரம்பிடுகிறேன். வாக்களிக்குமுன் ஒரு காரணம் கூறவேண்டும். மறுப்பவர் முதலில் எதிரணியின் காரணத்தைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும். வாசிப்பு நேரத்தில் தலை குனிந்திருக்கும் மாணவன்கூட அன்று முழு வாக்கியங்களில் பேசுகிறான்.

"பள்ளியில் சினிமாப் பாட்டா?" என்று வினவினார் ஒரு தந்தை. பாட்டு வெறும் தலைப்புத்தான் ஐயா, பாடம் தமிழே என்றேன். உங்கள் வீட்டிலும் ஒருமுறை செய்து பாருங்கள். பிள்ளையின் பட்டியலோடு உங்கள் பட்டியலையும் வையுங்கள். ஆனால், உங்கள் காரணத்தையும் தமிழில் சொல்லவேண்டும்!