பெயர் சொல்லிக் கொடுத்தல்

தாவீது கோலியாத்தை வென்றான் என்றாலும், கோலியாத்தைத் தாவீது வென்றான் என்றாலும், வெற்றி தாவீதுக்கே உரியது. சொற்கள் இடம் மாறினும் ஐ என்னும் வேற்றுமையுருபு பொருளைக் காத்து நிற்கின்றது. ஆங்கிலத்திலோ அவ்விரு பெயர்களையும் மாற்றி வைப்பின் வெற்றி கோலியாத்தின்பாற் சென்றுவிடும். அங்கே இடமே உருபின் தொழிலைச் செய்கின்றது.

கைடோ வான் ராசம் என்பார் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட பைத்தான் என்னும் கணினிமொழியில் இவ்விரு வழக்கும் உண்டு. அதனைப் பயிலத் தொடங்கிய நாள்முதல் என் உள்ளத்தைக் கவர்ந்தது இவ்வொப்புமையே. செயற்கூறுக்கு நாம் கொடுப்பதனைச் செயலுருபு எனப் பாடநூல்கள் வழங்குதலும் பொருத்தமுடைத்து.

பிறர் எழுதி வைத்தவற்றை அம்மொழியில் 'இம்போர்ட்' என்னும் சொல்லால் வருவித்துக்கொள்ளலாம். டேட்டைம் தொகுதியிலுள்ள 'டேட்' என்பது ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையை எதிர்பார்ப்பது. மார்ச்சு 5 ஐக் கருதி, நாளை முற்கூறும் நம் வழக்கப்படி 2024, 5, 3 என்று கொடுப்பின், அது மே 3 எனக் கொள்ளும். பிழையென்று ஒரு சொல்லும் சொல்லாது. கடன் தவணை நாளோ மருந்தின் காலாவதி நாளோ இங்ஙனம் மாறின், துன்புறுவோன் நிரலை எழுதினவன் அல்லன்.

'டே' 5, 'மந்த்' 3, 'இயர்' 2024 எனப் பெயர் சொல்லிக் கொடுப்பின் எவ்வரிசையிலும் பொருள் மாறாது. ஆக்கியோன் இட்ட பெயரையன்றி வேறு பெயரை எழுதினாலோ, கணினி அப்பொழுதே மறுத்து நின்றுவிடும். வாய்மூடிப் பிழை செய்தலினும் வாய்திறந்து மறுத்தல் நன்றன்றோ? பெயரை ஏலாத செயற்கூறுகளும் உள. 'சார்ட்டெட்' என்பதற்குரிய 'ரிவர்ஸ்' போலப் பெயரின்றிக் கொடுத்தற்கு இயலாதனவும் உள.

நிற்க. வருவித்தலிலும் பெயர் வேண்டும். மாத் தொகுதியிலுள்ளவற்றை உடுக்குறியிட்டு ஒருங்கே வருவிப்பின், பைத்தானில் இயல்பாயுள்ள 'பவ்' மறைந்து அத்தொகுதியின் 'பவ்' அவ்விடத்தைக் கொள்ளும். முன்னது 2 இன் மூன்றாம் அடுக்கை 8 என்னும் முழுவெண்ணாகத் தரும், பின்னது 8.0 எனத் தசமவெண்ணாகவே தரும். தொகுதியின் பெயரையும் சேர்த்து 'மாத்.பவ்' என்றெழுதின் ஐயத்திற்கு இடமில்லை.

நாம் எழுதும் நிரலை நாளை மற்றொருவர் படித்துத் திருத்த நேரும். ஆதலின், மாணவ நண்பர்களே, கொடுப்பதன் பெயரையும் கொண்டதன் ஊரையும் மறவாது எழுதுங்கள். சில எழுத்துக்கள் மிகுதியாயினும், பின்வருவோர்க்கு அது பேருதவியாம்.