சின்ன யானையில் ஏறிய புல்லட்

ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு வாகனத்தை மற்றொரு வாகனத்தின் முதுகில் ஏற்றிச் செல்ல நேர்வது இன்று நம் குடும்பங்களில் அரிதன்று. வளைகுடாவில் இருக்கும் பிள்ளையின் வண்டி ஈராண்டு ஓடாமல் நின்றிருக்கும். அல்லது வீடு மாறுவோம். அப்பொழுது நாம் அழைப்பது 2005-ல் வெளிவந்து, தமிழகத்தில் 'சின்ன யானை' என்றே பெயர் பெற்றுவிட்ட டாட்டா ஏஸ் வண்டியைத்தான். சிறிய மொபெட் என்றால் இருவர் தூக்கி வைத்துவிடலாம். புல்லட் அப்படியன்று. அதன் எடை ஏறத்தாழ 190 கிலோ. சரிந்தால் அடியில் அகப்படுவது ஒரு மனிதனின் கால்.

மர்ஹூமாகிவிட்ட என் மச்சானின் புல்லட்டைப் பெரியதாழையிலிருந்து காயல்பட்டினத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பை லாத்தா என்னிடம் ஒப்படைத்தார். கருவாட்டு வியாபாரத்துக்காக அந்தக் கரையோரமெங்கும் மச்சான் அதில்தான் சுற்றினார். நோய் கண்டபோது மீனவ நண்பர் ஒருவரின் முற்றத்தில் அதை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஊர் வந்தவர், பிறகு அங்கே போகவேயில்லை. நண்பரோ அதன்மேல் தார்ப்பாய் போர்த்திக் காத்துவந்தார். அமானிதத்தை அவ்வளவு ஒழுங்காகப் பேணியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆயினும் கடற்காற்றின் உப்பைத் தார்ப்பாயா தடுக்கும்? சக்கரக் கம்பிகளிலும் சங்கிலியிலும் துருவேறியிருந்தது, எஞ்சின் இறுகிவிட்டிருந்தது. கியர் வலப்புறம் அமைந்த பழைய வகை வண்டி அது.

முற்றம் முழுவதும் மணல். பலகையின் அடி மணலில் புதையுமென்று, நண்பர் புல்லட்டைச் சாலைக்கு உருட்டிவரச் செய்தார். சின்ன யானையின் தட்டு தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயரம். ஓரிடத்தில் சாலையோரம் மேடாக இருந்தது. வண்டியின் பின்புறத்தை அதையொட்டி நிறுத்தியதும் ஏற வேண்டிய சரிவு பாதியாகக் குறைந்துவிட்டது. வள்ளத்தைக் கரையேற்றிப் பழகியவர்களுக்கு இதை யார் கற்பிக்க வேண்டும்? "சாய ஆரம்பிச்சா விட்டுட்டு விலகிருங்க பாய், தாங்கிப் பிடிக்க நிக்காதீங்க" என்று எனக்கு மட்டும் தனியாக ஒரு முறை சொன்னார். என் தோற்றம் அப்படி!

புல்லட் ஏறியது. "ரெண்டு பையன்கள் ஏறிப் பிடிச்சுக்கிட்டாப் போதும், கயிறெல்லாம் எதுக்கு?" என்றார் ஓட்டுநர். சொல்லி முடிப்பதற்குள் பதினான்கு வயதான என் மருமகன் மேலே ஏறி, வாப்பாவின் வண்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

வாசகர்களே, இதை எழுதத் தூண்டியது அந்தக் காட்சிதான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் சின்ன யானை நிற்கும். மேலிருக்கும் 190 கிலோ நிற்காது. அதே வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். எந்தப் பிள்ளையின் கை அதைத் தடுக்கும்? சரக்கு வண்டியின் தட்டில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். தந்தையை இழந்த பிள்ளை. அவனை இறக்கிய பிறகே மறுவேலை பார்த்தோம்.

நண்பர் கட்டிய விதத்தைச் சொல்கிறேன். புல்லட்டின் நீளமும் தட்டின் நீளமும் ஏறத்தாழ ஏழு அடிதான். ஆகவே முன்சக்கரத்தை ஒரு மூலையில் முட்டவிட்டு மூலைவாட்டில் நிறுத்தினார். ஸ்டாண்டை மடக்கிவிட்டார், ஸ்டாண்டில் நிற்கும் வண்டி குழிதோறும் குதிக்கும், ஸ்டாண்டும் வளையும். பிறகு கைப்பிடிக்குக் கீழே, முன்சக்கரத்தின் இரு குழாய்களையும் இணைக்கும் கெட்டியான இடத்தில் இருபுறமும் கயிறு கோத்து, கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இழுத்தார். முன் ஸ்பிரிங் பாதியளவு அமுங்கியதும் நிறுத்திக்கொண்டார். அமுங்கிய ஸ்பிரிங் எழப் பார்க்கிறது, கயிறு விடுவதில்லை. இந்த இழுபறியில்தான் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. முழுவதும் அமுக்கிவிட்டாலோ, குழியில் விழும்போது அசைய இடமின்றிக் கயிறோ குழாயின் எண்ணெய் சீலோ போய்விடும். கைப்பிடியின் நுனியில் கட்டுவதும் கூடாது. அது திரும்பும், வளையும், கேபிள்களும் நசுங்கும். பின்பக்கம் இரண்டு கயிறுகள், ஆடாமலிருப்பதற்கு மட்டும். உரசும் இடங்களில் சாக்கு. முடிச்சுகளோ தாமாக அவிழாதவை. நுனியைப் பிடித்து இழுத்தால் நொடியில் அவிழ்பவை. பெட்ரோல் குழாயை மூடியதும் பாட்டரியைக் கழற்றியதும் மட்டுமே என் பங்கு.

மருமகனை ஓட்டுநருக்கு அருகில் அமர்த்திவிட்டு நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். மணப்பாட்டை நெருங்கும்போது புல்லட் இலேசாகத் தலையசைக்கக் கண்டு நிறுத்தச் சொன்னேன். நைலான் கயிறு பளு ஏறியதும் சற்று நீளும். முதல் சில கிலோமீட்டரில் ஒரு தடவை பார்த்தே தீரவேண்டும் என்று நண்பர் முன்பே எச்சரித்திருந்தார். வலக்கயிறு இரண்டு விரல் நுழையுமளவு தளர்ந்திருந்தது. இறுக்கினோம். குலசேகரப்பட்டினம், திருச்செந்தூர் கடந்து ஊர் சேரும்வரை அது அசையவில்லை.

வாசலில் இறக்கும்போது லாத்தா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பலகாரப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, "கயித்தோட இதையும் கொடுத்துருங்க தம்பி" என்றார். அன்று ஞாயிறு. திங்கள் விடியலில் நண்பர் கடலுக்குப் போகவேண்டும். கட்டியவை அவருடைய தொழிற்கயிறுகள். அஸருக்குப் பின் அவற்றைச் சுருட்டிக்கொண்டு மருமகனும் நானும் மீண்டும் பெரியதாழைக்குப் புறப்பட்டோம்.