அணைத்து வைக்கும் கணினிக்கு ஒரு ஸ்கிரிப்ட்

கல்முனைப் பக்கத்துக் கணினி வகுப்புகளில் கடைசிப் பிள்ளை வெளியேறியதும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார்கள். கரண்ட் பில்லுக்கும் இடி மின்னலுக்கும் பயந்து பழகிய பழக்கம். நல்ல பழக்கமும்கூட.

அப்படியொரு வகுப்பில் உபுண்டு போட்ட கணினிகளுக்கு ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார்கள். பொதிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட், புதிய பதிப்புகளை நிறுவும் அப்கிரேட், தேவையற்றதை நீக்கும் ஆட்டோரிமூவ், இறக்கிய கோப்புகளைத் துடைக்கும் கிளீன் என்று நான்கு வரிதான். இரவு டேட்டா மிச்சமிருக்கும் என்பதால் அதிகாலை 2 மணிக்கு ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரோன் நிரலில் போட்டிருந்தார்கள். லாக் கோப்பு வெறுமையாகவே கிடந்தது.

“சேர், கையால ஓட்டினா ஓடுது. இரவில மட்டும் ஏன் ஓடுதில்ல?” என்று பொறுப்பாயிருந்த தம்பி கேட்டார்.

2 மணிக்குக் கணினியில் கரண்டே இல்லை. அது அவருக்கும் உடனே விளங்கிவிட்டது. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு கேள்வி. இரவில் விடுபட்ட வேலையைக் காலையில் செய்யும்படி க்ரோனை ஏன் எவரும் எழுதவில்லை?

பழைய கையேடுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1979இல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே க்ரோன் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்து, அட்டவணையில் அந்த நிமிடத்துக்கு எழுதியிருப்பதை ஓட்டிவிட்டு மறுபடி உறங்கும். கடந்துபோன நிமிடம் அதன் கணக்கில் இல்லை. பலர் ஒரே நேரத்தில் முனையங்களில் உட்கார்ந்து பயன்படுத்திய அந்தக் காலத்துப் பெரிய இயந்திரங்களை இரவில் அணைக்கும் வழக்கம் இல்லை. ஆளில்லாத இரவுதான் அவற்றுக்குப் பராமரிப்பு நேரம். 1987இல் போல் விக்ஸி புதிதாக எழுதிய க்ரோன் பின்னாளில் லினக்ஸெங்கும் பரவியது. அதிலும் இந்த எண்ணம் மாறவில்லை.

விடை, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் க்ரோன்டாப் என்ற க்ரோன் அட்டவணைக் கோப்பிலேயே இருந்தது. தினசரி வேலைகளுக்கான வரி காலை 6.25 என்று தொடங்குகிறது. ஆனால் வேலையை ஓட்டுமுன், அனாக்ரான் என்றொரு நிரல் கணினியில் உள்ளதா என்று பார்க்கிறது. இருந்தால் க்ரோன் ஒதுங்கிக்கொள்கிறது.

இந்த அனாக்ரான்தான் நமக்காக எழுதப்பட்டது என்று சொல்வேன். கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் பேர்ள் மொழியில் உருவாக்கினார். 1998இல் இட்டாய் சூர் அதைச் சி மொழியில் திருப்பி எழுதினார். கணினி எந்நேரமும் ஓடாது என்பதிலிருந்தே அது தொடங்குகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு கோப்பு. அதற்குள் கடைசியாக ஓடிய திகதி எட்டு இலக்கத்தில். மணி, நிமிடம் எதுவும் கிடையாது. கணினியைப் போட்டதும் திகதியைப் பார்க்கும், நாள் தவறியிருந்தால் சில நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்கும். டெபியனில் அது மடிக்கணினி பற்றரியில் ஓடும்போது தொடங்காது. மின்வெட்டுக்குப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும்.

உபுண்டு டெஸ்க்டாப்பில் அனாக்ரான் கூடவே வருகிறது. ஸ்கிரிப்டை க்ரோன்.டெய்லி கோப்புறைக்கு மாற்றினால் போதும். கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது; .எஸ்எச் என்று முடிந்தால் டெபியனும் உபுண்டுவும் அதைக் கண்டுகொள்ளாது. க்ரோனுக்குப் பதிலாகச் சிஸ்டம்டி டைமரில் எழுதுவதானால் பெர்சிஸ்டன்ட் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று இன்னொரு வரியும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். நிறுவல் பாதியில் கரண்ட் போனால் பொதிகள் அரைகுறையாக நிற்கும், அடுத்த அப்கிரேடும் ஓட மறுக்கும். ஆகவே ஸ்கிரிப்டின் முதல் கட்டளையாக டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ என்பதைப் போடுங்கள். பாதியில் நின்றதை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்ற வரிகளுக்குப் போகும்.

மருதமுனையிலோ நிந்தவூரிலோ லினக்ஸ் கணினிகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் நாளைக் காலை வகுப்பைத் திறந்ததும் லாக் கோப்பின் கடைசித் திகதியைப் பாருங்கள். அது பழையதாக இருந்தால் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதைத் தவிர ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டாம், அதன் இடத்தை மாற்றுங்கள்.