அலுமாரிக்குள் கெட்டுப்போனவை

தோல் சாமானுக்குக் கடற்காற்று ஆகாது என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது. உப்பு, ஈரம், துரு எல்லாம் உண்மைதான். ஆனால் கல்முனைக்குடியில் நான் பார்த்த வரைக்கும், தோல் பைகளையும் சப்பாத்துகளையும் கடலைவிட அதிகமாகக் கெடுத்தது அலுமாரிதான்.

சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ ஒரு பை வந்தால், வந்த அன்றைக்கு அதை உறவுக்காரர் எல்லோரும் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு, வந்த பொலித்தீனோடேயே அது அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். நல்ல நாளைக்கு எடுக்கலாம் என்பதுதான் பேச்சு. பெருநாள் வரும், கலியாணம் வரும். அந்த நாளும் அந்தப் பைக்குக் காணாது என்று தோன்றும். நாலு காசு பார்க்க நாடு விட்டுப் போனவர் அனுப்பியது, தேயவிட மனம் வருமா? இந்தக் குணம் எனக்கும் தாராளமாக உண்டு. மச்சான் கொண்டுவந்த அறபுச் செருப்பொன்றை மினாரா தெரியும் தூரத்துக்குக்கூட நான் போட்டுப் போனதில்லை, பள்ளி வாசலில் மாறிப்போய்விடும் என்ற பயத்தில்.

மச்சான் ஜித்தாவில் வேலை செய்த காலத்தில் ராத்தாவுக்கு இரண்டு கைப்பைகள் கொண்டுவந்தார். ஒன்று மண்ணிறம், அசல் தோல். மற்றது கறுப்பு, பளபளப்பு. இரண்டும் மேல்தட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடந்தன. மூத்த மருமகளின் கலியாணத்துக்காக ராத்தா அவற்றை இறக்கிய அன்று நான் அங்கே நின்றேன்.

"இஞ்ச பாரு தம்பி, சாம்பல் கொட்டின மாதிரி" என்று மண்ணிறப் பையை நீட்டினாள். வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம். கறுப்புப் பையோ கையில் எடுக்கும்போதே தோலுரிந்து, செதில் செதிலாக அவளுடைய சாறியில் ஒட்டிக்கொண்டது.

"நான் ஒரு நாளும் கையில எடுக்கல்லியே. எப்பிடி இது பழுதாகும்?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. மண்ணிறப் பை எடுக்காததால்தான் பழுதானது.

பூஞ்சண வித்து காற்றில் எப்போதும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி, காற்றோட்டமும் இல்லாமல் இருந்தால் அது முளைக்கும். எங்கள் கரையில் மாரி காலத்தில் 80 ஐயும் தாண்டுவது சாதாரணம். தோலில் ஏற்றியிருக்கும் கொழுப்பும், கைபட்ட வியர்வையும் அழுக்கும் அதற்குத் தீனி. பொலித்தீன் உறை ஈரத்தை வெளியே விடாது. ராத்தா போட்டு வைத்திருந்த பூச்சி உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. பையோடு வந்த சிறிய சிலிக்கா பொட்டலமும் ஈரத்தைக் குடித்து நிறைந்த பிறகு வெறும் மணல்தான்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணம் என்றும் முடிவு கட்டக்கூடாது. சில வேளை தோலுக்குள் இருக்கும் கொழுப்பே மேலே வந்து வெள்ளையாகப் படியும். தலைமயிர் காயவைக்கும் மெஷினால் இலேசாகச் சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறைந்துவிடும், பூஞ்சணம் அப்படியே நிற்கும். கொழுப்பென்றால் துடைத்துவிட்டு மறந்துவிடலாம்.

ராத்தாவுடையது பூஞ்சணம். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பையை முற்றத்துக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்குள் தட்டினால் அந்த வித்து மற்ற உடுப்புகளுக்கும் பரவும். முதலில் ஈரம் படாமல் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுக்கவேண்டும். ஈரத்துணியால் தொடங்கினால் பூஞ்சணத்தைத் தோலுக்குள் தேய்த்து விடுவதுதான் நடக்கும். பிறகு பார்மசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் அதே அளவு தண்ணீர் கலந்து, பழைய பனியன் துண்டில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் துடைத்துப் பார்த்தேன். சாயம் போகவில்லை. அதன் பிறகே முழுப் பையும். உள் துணியை வெளியே இழுத்து அதையும் துடைத்தேன், நாற்றம் அங்கேதான் குடியிருக்கும். வெயிலில் வைக்காமல் ஃபேனுக்குக் கீழே வாய் திறந்து வைத்தோம். பை பிழைத்தது. ஒரு பக்கத்தில் நிறம் மங்கியது மங்கியதுதான்.

கறுப்புப் பையை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது தோலே அல்ல. துணியின் மேல் பொலியூரித்தேன் பூசிச் செய்தது. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் இணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். கையில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பெட்டிக்குள் இருந்தாலும் சில வருடங்களில் உரியத் தொடங்கும். ஊரில் எத்தனை வீட்டுச் சோபாக்கள் இப்படி உரிந்து கிடக்கின்றன! பொலிஷும் எண்ணெயும் வாங்கி அதற்கு மேல் பூசுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வாங்கும்போதே வெட்டு விளிம்பைப் புரட்டிப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் அது தோல் இல்லை.

வாப்பாவின் பையைப் பற்றிச் சொல்வதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

வாப்பா மருதமுனைச் சாரன்களை எடுத்துக்கொண்டு மலைநாட்டுப் பக்கம் பஸ்ஸில் போய் விற்றவர். புறக்கோட்டையில் வாங்கிய மாட்டுத்தோல் பை ஒன்று தோளில் எப்போதும் தொங்கும். கடன் கொப்பி, காணி உறுதி, வெற்றிலை எல்லாம் அதற்குள்தான். அதற்கென்று அவர் தனியாக ஒரு பராமரிப்பும் செய்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு சீலைத்துண்டால் தூசி தட்டுவார், ஆணியில் மாட்டுவார், அவ்வளவுதான். கைச்சூடும் கையெண்ணெயும் பட்டுப் பட்டு அது கருஞ்சிவப்பாகிப் போயிருந்தது. அவர் மௌத்தான பிறகும் உம்மா அதை ஆணியிலிருந்து கழற்றவில்லை. எங்கள் பகுதி வழக்கப்படி உம்மாவின் வீடு ராத்தாவுக்குச் சீதனமாகப் போனபோது, பையும் ஆணியோடு சேர்ந்து போனது.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் அந்த வீட்டுக்குள் கடல் வந்தது. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அதில் எங்கள் கரை பட்டதை இங்கே நான் விரித்து எழுதப் போவதில்லை. ராத்தாவும் பிள்ளைகளும் தப்பினார்கள். இடிபாட்டுக்குள் உறுதியைத் தேடப் போனபோது மண்ணுக்குள் ஒரு வார் தெரிந்தது, இழுத்தேன், பை வந்தது. உள்ளே காகிதமெல்லாம் களி.

நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், தாழ்வாரத்தில் வடிந்த மழைத்தண்ணீரைப் பிடித்து அந்தப் பையைக் கழுவினேன். பிள்ளைகளைத் தேடி அலைந்தவர்கள் நடமாடிய அதே முற்றத்தில். யாராவது அந்தப் பக்கம் வந்தால் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். ஏன் கழுவினாய் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது என்று இப்போது சொல்லலாம். அன்று அதுவும் தெரியாது.

ஆனால் செய்தது சரியான வேலை என்று பின்னால்தான் தெரிந்தது. கடல்நீரில் ஊறிய தோலில் உப்பை விட்டுவைத்தால், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இழுத்துத் தோலை உலரவே விடாது. உலர்ந்தாலும் உப்புப் பூத்து மேற்பரப்பை வெடிக்க வைக்கும். நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி விட்டு உப்பைக் கழற்றுவதுதான் முதல் வேலை. அடுத்தது அவசரப்படாமல் உலர்த்துவது. உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றி, நிழலில் தொங்கவிட்டேன். அந்த மாரியில் வெயிலும் இல்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. நனைந்த தோலுக்கு அதிக சூடு காட்டினால் அதன் நார் சுருங்கும், சுருங்கியது திரும்பாது. எங்கள் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பக்கீர்மார் றபானை நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவதைப் பார்த்துவிட்டு, சப்பாத்தையும் அடுப்படியில் காயவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். றபானில் இருப்பது பதனிடாத பச்சைத்தோல். அந்த விதி வேறு.

முழுதாக உலர முன்னர், இன்னும் இலேசான ஈரம் இருக்கும்போதே எண்ணெய் இடவேண்டும் என்று சொன்னவர் கல்முனைச் சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைக்கும் ஓர் அண்ணன். வார் அறுந்த இடத்தைத் தைக்கக் கொடுத்தபோது பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது பட்டையில பதம் போட்ட தோல், தம்பி. இந்தக் காலத்துச் சாமான் எண்டா கடல்ல கிடந்து இப்பிடி வராது."

பின்பாதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. குரோமியத்தில் பதனிட்ட தோல் தண்ணீரை இன்னும் நன்றாகவே தாங்கும். 1884 இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்ற அந்த முறை பின்னர் உலகம் முழுவதும் பரவி, இன்று கடைகளில் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி அந்த வகைதான். வெட்டு விளிம்பில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் குரோமியம், உள்வரை பழுப்பென்றால் மரப்பட்டை. தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலைக் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பட்டைத் தோலுக்கு ஒரு பலவீனம் உண்டு: இரும்பு பட்டால் கறுக்கும். கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் துருப்பிடித்த பக்கிளுக்குக் கீழே நடக்கிறது. வாப்பாவின் பையில் பக்கிள் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. பக்கிளைப் பித்தளையாக மாற்றிவிட்டேன்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் அண்ணனின் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"தோல் கேக்கிற அளவுக்குக் குடுங்க. கூடினா தொய்ஞ்சு போயிரும்."

எங்கள் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். அதைத் தவிர்ப்பதே நல்லது. நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும், கரப்பானும் பூஞ்சணமும் தேடி வரும். நிறமில்லாத லெதர் கிரீம், விரல்நுனியில் எடுத்த அளவு, போதும். அதையும் கச்சான் அடிக்கும் மாதங்களில்தான் பூசுகிறேன். அந்தக் காற்றில்தான் தோல் வறண்டு வெடிக்கும். மாரியில் கொழுப்பைப் பூசுவது பூஞ்சணத்துக்குச் சோறு வைப்பது. துணி தோய்க்கும் சவர்க்காரம் எந்தக் காலத்திலும் வேண்டாம். தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மையுள்ளது, சவர்க்காரம் காரம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், எங்கள் ஊர் வாசகருக்கு. பழைய சப்பாத்தைச் சுத்தம் செய்யக் கையில் எடுத்தால் உள் அட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூட்டம் கூட்டமாக இருந்தால் அது பன்றித் தோலாக இருக்கலாம். நாங்கள் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் மற்றத் தோல்கள் பதனிட்டால் சுத்தமாகும். பன்றியினதும் நாயினதும் ஆகாது. ஈரக்கையோடு தேய்க்கத் தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்து.

வாப்பாவின் பையை இப்போது என் மகள் ஒலுவில் கெம்பசுக்குக் கொண்டு போகிறாள். மடிக்கணினி அதற்குள் சரியாக அடங்கவில்லை, ஒரு மூலை வெளியே நிற்கும். அது மூத்தாப்பாவின் சாமான், பத்திரமாக வை என்று முதல் நாள் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மழையில் நனைந்து வருகிறாள், தாளைத் திணித்துக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறாள், விடிய எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். ராத்தாவுக்கு இது பொறுக்கவில்லை. பையை வாங்கி அலுமாரியில் வைக்கச் சொல்லிப் போன கிழமையும் என்னோடு சண்டை. அவளுடைய மண்ணிறப் பை திரும்பவும் மேல்தட்டில்தான் இருக்கிறது. பொலித்தீனை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய தலையணை உறையில் போட்டு வைத்திருக்கிறாள். கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னதற்கு, எலி போகும் என்கிறாள்.