இரு திறவுகோல்கள்

பிரயாணம் அறிவை வளர்க்கும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆயினும், மலை, நதி, மாளிகை முதலியவற்றைக் கண்டு பெறும் அறிவு வேறு. மனிதன் மனிதனை அழித்தற்கென்று சமைத்த கருவிகளைக் கண்டு பெறும் அறிவு வேறு. இவ்விரண்டாவது அறிவை நாடி, நண்பர் நால்வராகிய யாங்கள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிஸோனா மாகாணத்திலுள்ள டூஸான் நகருக்கு இருநாட் பிரயாணம் செய்தோம். ஆங்குக் கண்டவற்றுட் சிலவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதல்நாள் பீமா விமானக் காட்சிச்சாலையை அடைந்தோம். 1976-ம் ஆண்டில் திறக்கப்பெற்ற இச்சாலையில், ஏறக்குறைய 80 ஏக்கர் பரப்பில், 400 விமானங்கள் வரை உள்ளன. பாலைவனத்தின் வறண்ட காற்று உலோகத்தை எளிதில் அரிக்கவிடாதாதலின், அவற்றுட் பல திறந்த வெளியிலேயே நிற்கின்றன. எஸ்.ஆர்.71 என்னும் கருநிற வேவு விமானத்தின்முன் யாங்கள் நெடுநேரம் நின்றோம். ஒலியினும் மும்மடங்கு விரைந்து பறந்தது அது. பறக்குங்கால் காற்றின் வெப்பத்தால் அதன் உடல் விரியும். அது கருதியே தகடுகளைச் சற்று இடைவெளிவிட்டுப் பொருத்தினர். அதனால் தரையில் நிற்கும்பொழுது எரியெண்ணெய் கசியுமாம்! மனித அறிவின் நுட்பத்தை எண்ணி வியந்தோம்.

அவ்வியப்பு நெடிது நிலைக்கவில்லை. சற்றப்பால் பி.29 என்னும் குண்டுவீச்சு விமானம் ஒன்று நின்றது. 1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டை எறிந்தது இவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு விமானமே. அதனருகே எங்களுள் ஒருவரும் வாய் திறந்திலர்.

மறுநாள், டூஸானுக்குத் தெற்கே சகுவாரிட்டா என்னுமிடத்திலுள்ள டைட்டன் ஏவுகணைக் காட்சிச்சாலைக்குச் சென்றோம். 1963 முதல் 1987 வரை அமெரிக்கர் டைட்டன்-2 ஏவுகணைகளை 54 நிலத்தடிக் குழிகளிற் காத்து வைத்திருந்தனர். ஏனைய 53-ம் அழிக்கப்பட, இவ்வொன்றே காட்சிப்பொருளாய் எஞ்சியுள்ளது. 55 படிகள் இறங்கி, கனத்த இரும்புக் கதவுகளைக் கடந்து, கட்டுப்பாட்டறையை அடைந்தோம். மேலே குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தாலும் உள்ளிருப்போர் பிழைக்கும்வண்ணம், அவ்வறை முழுவதும் எட்டுப் பெரிய சுருள்வில்களில் தொங்குகின்றது.

நால்வர் கொண்ட குழு அங்கே 24 மணிநேரம் காவலிருக்கும். உத்தரவு வந்தால் அதிகாரிகள் இருவர் தத்தம் திறவுகோலை ஒரேகாலத்தில் திருப்பிப் பிடித்தல் வேண்டும். ஒருவரே இரண்டையும் எட்டித் திருப்பாதபடி அவற்றின் துவாரங்கள் தொலைவில் அமைந்துள்ளன. திருப்பியபின் ஒரு நிமிஷத்துக்குள் ஏவுகணை மேலெழும். அரைமணியளவில் இலக்கை அடையும். அது சுமந்த குண்டின் வலிமை 90 லட்சம் டன் வெடிமருந்துக்கு ஒப்பாகும். ஹிரோஷிமாவில் விழுந்ததனினும் ஏறக்குறைய 600 மடங்கு! இலக்கு எந்நகர் என்பதோ திறவுகோல் பிடித்தோர்க்கு அறிவிக்கப்படவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்களையே அவர் அறிவர்.

வழிகாட்டியாக வந்த முதியவர் எங்கள் நண்பரொருவரைத் தளபதியின் ஆசனத்தில் அமர்த்தி, ஒரு திறவுகோலைத் திருப்பச் சொன்னார். மற்றதைத் தாம் பற்றினார். நண்பர் நகைத்துக்கொண்டே திருப்பினார். மணி ஒலித்தது, விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் எரிந்தன. அவர் எழுந்தபோது முகத்தில் நகை இல்லை. "இத்துணை எளிதா?" என்றுமட்டும் வினவினார்.

திரும்பும் வழியில் எங்களுக்குள் வாதம் மூண்டது. "இவ்வச்சமன்றோ பெரும்போரைத் தடுத்தது?" என்றார் ஒருவர். "1980-ம் ஆண்டில் ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்துக் குழியொன்றில், தொழிலாளியின் கைக்கருவி நழுவி விழுந்து எரியெண்ணெய்த் தொட்டியைத் துளைத்தமையால், ஏவுகணையே வெடித்து வீரரொருவர் மாண்டாரே, ஒரு கைத்தவற்றில் தொங்கும் சமாதானமும் சமாதானமாமோ?" என்றார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் யாங்கள் நால்வரும் ஒருமனதாய் ஒப்பியது ஒன்று: ஒரு மனிதனை மட்டும் நம்பலாகாதென்று இருவரை வைத்த அறிவு, அவ்விருவரும் காரணம் வினவாதபடியும் பார்த்துக்கொண்டது.

ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு. இதே டைட்டன்-2 இனத்து ராக்கெட்டுகளே 1965, 1966-ம் ஆண்டுகளில் ஜெமினி விண்வெளி வீரர்களைப் பத்துமுறை வானிற்கு ஏற்றின. காவல் நீங்கிய ஏவுகணைகளுட் சில செப்பனிடப்பெற்றுத் துணைக்கோள்களைச் சுமந்தன. 1994-ல் சந்திரனை ஆராயச் சென்ற கிளெமென்டைன் கலத்தை அனுப்பியதும் அவற்றுள் ஒன்றே. ஏசாயா தீர்க்கதரிசி கண்ட கனவு இரும்பால் இயலாததன்று; மனத்தாலேயே இயலாதிருக்கின்றது. கல்வி கற்று உயர்பதவி பெறும் நம் மாணவர் கையிலும் நாளை ஏதேனுமொரு திறவுகோல் வைக்கப்படும். அதனைத் திருப்புமுன், அது எதைத் திறக்கின்றது என்று வினவும் துணிவையும் கல்லூரிக் கல்வி அவர்கட்கு அளிப்பதாக!