காற்று ஓய்ந்தால் கரை சேர



2022ஐ நாம் யாரும் மறக்கவில்லை. கண்டியில் பெற்றோல் வரிசையில் இரவுகளைக் கழித்தோம். பாடசாலைகளும் மூடப்பட்டன. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மலைநாட்டில் நமக்கு அது அடுப்புக்கும் விளக்குக்கும் ஊற்றும் எண்ணெய். கடற்கரையில் அதுதான் சிறு வள்ளங்களின் எஞ்சினை ஓட்டுகிறது. கட்டுகஸ்தோட்டையில் நாம் வாங்கும் மீனின் விலையிலும் அது இருக்கிறது.

நீர்கொழும்பில் பாய் விரித்து இறால் பிடிக்கப் போகும் வள்ளங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். காற்றுக்குக் காசில்லை. ஆனால் காற்று நின்றுவிட்டால்? சூரா அஷ்ஷூராவிலும் காற்று அடங்கிக் கப்பல்கள் அசையாமல் நிற்பது சொல்லப்படுகிறது. அந்த நேரத்துக்குத்தான் உதவி மோட்டர்.

அது மின்மோட்டராக இருந்தால் சரிவருமா என்று பிள்ளைகளோடு வகுப்பில் கணக்குப் போட்டோம். 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி ஈய அமில பற்றரியில் 1,200 வாற்று மணி சக்தி இருக்கும். பற்றரி கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி, 600. ஒரு லீட்டர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10,000 வாற்று மணி. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கினாலும், தூரப் பயணத்துக்குப் பற்றரி ஈடாகாது. "அப்ப சரிவராது சேர்" என்றார்கள்.

அடுத்த கணக்கில்தான் விசயம் இருந்தது. வள்ளத்தின் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு வலு வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு போதும். 300 வாற்றில் மெதுவாகப் போனால் அதே பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்கும். கடலுக்குப் போகும்போது பாய், காற்று ஓய்ந்தால் வீடு திரும்ப மோட்டர். இவ்வளவு மட்டும் கேட்டால் பற்றரி போதும்.

முழுக்க மின்சாரத்திலும் ஓடலாம், பாதை குறுகியதாக இருந்தால். கேரளாவில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் ஏறும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகு 2017இல் சேவைக்கு வந்தது.

சில விசயங்களில் கவனம் வேண்டும். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். உப்புத்தண்ணீர் பட்ட மோட்டரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பாயில் ஓடும்போது விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வேகத்தைக் குறைக்கும். எதிர் நீரோட்டம் பலமானால் சிறிய மோட்டர் தோற்றுவிடும். ஆகவே துடுப்பை வீட்டில் விட்டுப் போகக் கூடாது.

நீர்கொழும்பு, கற்பிட்டி, மன்னார் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் மின்மோட்டர் பூட்டிய பாய்வள்ளம் கண்டிருந்தால் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையில் தரம் 11 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.