சாச்சியின் கலியாணமும் பதினான்கு கேள்விக்குறிகளும்

புதிதாக புரோகிராமிங் பழகுகிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டு இலக்கத்தைக் கூட்டுகிற புரோகிராம் ஓடின அடுத்த நாளே, "இதுக்குள்ள ஒரு வீடியோ ஓடவைக்க ஏலுமா?" என்ற கேள்வி வந்துவிடும். பாடசாலையில் அதற்கு இடமில்லை. சாதாரண தரத்தில் பாஸ்கல், உயர் தரத்தில் பைதன். இரண்டிலும் நாங்கள் கண்டது எழுத்தும் இலக்கமும் மட்டும்தான்.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் கலைப்பீடம், ஊர் ஓட்டமாவடி. எங்களுக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு பிஸ்கட் டின். எங்களில் ஒருவரின் உம்மம்மா வீட்டு அலுமாரியில் இருந்த அந்த டின்னுக்குள் விசிடிக்கள் கிடந்தன. 2003 இல் நடந்த சாச்சியின் கலியாணம், மூன்று தட்டு. இப்போது ஆறடி பாயிற காக்காமார்களின் சுன்னத்து வீடு, ஒரு தட்டு. அந்தக் கலியாண வீடியோவில்தான் அப்பா பேசுகிறார். எங்கட பக்கம் வாப்பாவைப் பெற்றவரும் உம்மாவைப் பெற்றவரும் 'அப்பா'தான். அவர் மௌத்தாகிப் பல வருசம். போட்டோ இருக்கு. குரல் அந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கு.

உம்மம்மா கேட்டது சின்ன விசயம். "நான் ஒண்ட அமத்தினா அவர் வரணும். அவ்வளவுதான் மகன்."

விஎல்சியைப் போட்டுக் கொடுத்தால் முடிந்ததே என்பீர்கள். அதன் மெனுவும் ஃபோல்டரும் மௌஸின் இரட்டைக் கிளிக்கும் எழுபது தாண்டின கைக்குச் சரிவராது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு ஜன்னல், அதில் நாலைந்து பெரிய பட்டன்கள். ஒவ்வொரு பட்டனிலும் தமிழில் பெயர்: 'சாச்சி கலியாணம்', 'சுன்னத்து வீடு'. அமத்தினால் படம் வர வேண்டும்.

எங்களில் ஒருவன் ஏஎல் முடித்த கையோடு பக்கத்து ஊரில் ஒரு கொம்பியூட்டர் நிலையத்தில் விசுவல் பேசிக் 6 படித்திருந்தான். 1998 இல் வந்த மென்பொருளை இன்னமும் காசு வாங்கிப் படிப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு ஞாயம் சொல்ல வேண்டும். தொடக்கக்காரனுக்கு அதைப்போல இலேசானது குறைவு. பட்டனை இழுத்துப் போடு, இரட்டைக் கிளிக் பண்ணு, அமத்தினால் என்ன நடக்க வேண்டுமென்று எழுது. விண்டோஸ் மீடியா பிளேயரையும் அதேபோல இழுத்து ஜன்னலுக்குள் போடலாம். பிறகு அதன் யுஆர்எல் என்ற பண்புக்கு வீடியோ கோப்பு இருக்கும் இடத்தைக் கொடுத்தால் போதும், தானாக ஓடும். முழு வேலையும் ஒரே வரி.

அந்த ஒரு வரி எங்களுக்கு ஓடவில்லை. ஃபோல்டரில் இருக்கும் வீடியோக்களின் பெயர்களை வாசித்துப் பட்டியல் போடச் சொன்னோம். 'சாச்சி கலியாணம்' வர வேண்டிய இடத்தில் வந்தது இதுதான்: ?????? ????????

எண்ணிப் பார்த்தோம். ஆறும் எட்டும் பதினான்கு. 'சாச்சி' என்பது எங்கள் கண்ணுக்கு மூன்று எழுத்து. கொம்பியூட்டருக்கு ச, கால், ச, புள்ளி, ச, விசிறி என்று ஆறு. ஆறையும் அது தனித்தனியாகத் தெரியாதென்று சொல்லியிருக்கிறது. விசுவல் பேசிக் 6 உள்ளுக்குள் யுனிகோடில்தான் எழுத்தை வைத்திருக்கும். ஆனால் ஜன்னலில் காட்டும்போதும் கோப்பைத் தேடும்போதும் விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல் வழியாகத்தான் போகும். அந்தப் பட்டியலில் ரஷ்யனுக்கும் அரபுக்கும் தாய் மொழிக்கும் இடமுண்டு, தமிழுக்கு இல்லை. பட்டியலில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. விண்டோஸில் கோப்பின் பெயருக்குள் கேள்விக்குறி வரவே கூடாது. ஆகவே அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வந்தது.

இதில் எங்களை யோசிக்க வைத்தது வருசம். யுனிகோடின் முதல் பதிப்பு 1991 இல் வந்தது. அதில் தமிழ் இருந்தது. விசுவல் பேசிக்கின் முதல் பதிப்பும் அதே 1991 தான். ஏழு வருசத்துக்குப் பிறகு வந்த ஆறாம் பதிப்பின் பட்டனிலும் தமிழ் எழுத ஏலவில்லை.

அந்தக் காலத்து ஆட்கள் என்ன செய்தார்கள் என்று நிலையத்தில் படித்தவனுக்குத் தெரிந்திருந்தது. பாமினி. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிற எழுத்துரு. நம்மட ஊர் ஸ்டூடியோக்களும் அச்சகங்களும் வருசக்கணக்காகத் தமிழ் அடித்தது அதில்தான். பட்டனின் எழுத்துருவை பாமினி ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், கோப்பின் பெயரோ ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கும். வேலை நடக்கும். ஆனால் எங்களுக்கு மனம் வரவில்லை. நாளைக்கு யாராவது ஃபோல்டரைத் திறந்து 'கலியாணம்' என்று தேடினால் அகப்பட வேண்டாமா?

அதனால் விசுவல் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பை இறக்கி, விசுவல் பேசிக் டொட் நெட்டுக்கு மாறினோம். மொழி கிட்டத்தட்ட அதேதான், மீடியா பிளேயரை இழுத்துப் போடுவதும் அதேதான். தமிழ்ப் பெயர் பட்டியலிலும் பட்டனிலும் அப்படியே வந்து நின்றது.

அடுத்த பிரச்சினை வீடியோக்களுக்குள் இருந்தது. நாங்கள் ஜன்னலில் போட்ட மீடியா பிளேயர் எந்த வீடியோவையும் தானாக ஓட்டுவதில்லை. அது விண்டோஸிடம் போய், "இதைப் பிரிக்கத் தெரிந்த ஆள் இருக்கா?" என்று கேட்கும். இருந்தால் படம் வரும். எம்பி4 என்பது உண்மையில் ஒரு பெட்டியின் பெயர். உள்ளே படத்தை எப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. பெட்டியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு வீடியோ ஓடும், இன்னொன்று ஓடாது. கத்தாரில் இருக்கிற மச்சான் தன் ஐபோனில் எடுத்து, பெருநாளைக்குக் கொண்டுவந்து பென்ட்ரைவில் தந்த வீடியோ அப்படித்தான். சத்தம் வந்தது, படம் கறுப்பு. 2017 க்குப் பிறகு வந்த ஐபோன்கள் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்குகின்றன. அதைப் பிரிக்கிற துண்டு எங்கள் விண்டோஸில் இல்லை, தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொன்னது.

இங்கே இரண்டு வழி. ஒன்று கடன் வழி: விண்டோஸில் இருப்பதை நம்பி, எல்லா வீடியோவையும் அதற்குத் தெரிந்த முறைக்கு மாற்றி வைப்பது. மற்றது கட்டுச்சோறு வழி: விஎல்சியின் உள்பாகத்தை நமது புரோகிராமோடு சேர்த்துக் கட்டுவது. புரோகிராம் வீங்கும், ஆனால் எந்த வீட்டுக் கொம்பியூட்டரிலும் தன் சோற்றைத் தானே தின்னும். விஎல்சியும் பாரிஸில் ஒரு கெம்பஸ் பொடியன்மார் 1996 இல் தொடங்கினதுதான். 2001 இல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

நாங்கள் கடன் வழியை எடுத்தோம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியால் தட்டுகளில் இருந்த டாட் கோப்புகளை எம்பி4 ஆக மாற்றினோம். மூலக் கோப்பையும் அழிக்காமல் பக்கத்தில் வைத்தோம். விசிடி படம் 352க்கு 288 புள்ளி. இன்றைய போனில் எடுக்கும் ஃபுல் ஹெச்டி அதைப்போல இருபது மடங்கு. பெரிதாக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். ஆனாலும் எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளைக் கார் பாலத்தடியில் நிற்கிறது. ரயிலும் வாகனமும் ஒரே இரும்புப் பாலத்தால் போன காலம். ரயில் போய் முடியும்வரை முழு மாப்பிள்ளை வீடும் வெயிலில் காத்து நிற்கிறது. இந்தக் காட்சி எங்கள் வயதுக்காரருக்குக் கேள்விப்பட்ட கதை மட்டும்தான்.

ஒரு நுணுக்கம், செய்து பார்க்கிறவர்களுக்காக. முதல் தட்டு முடிந்ததும் இரண்டாவது தானாக வர வேண்டுமென்றால், 'வீடியோ முடிந்தது' என்று பிளேயர் அறிவிக்கும் அந்த இடத்துக்குள்ளேயே அடுத்த கோப்பைக் கொடுக்காதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அங்கே ஒரு டைமரை மட்டும் தட்டிவிட்டு, ஒரு நொடியின் ஒரு பங்கு கழித்து அந்த டைமர் அடுத்ததைக் கொடுக்கட்டும். ஓடும்.

உம்மம்மா பட்டனை அமத்தினார். சஹன் வைத்துச் சாப்பிடுகிற இடம். அப்பா கேமராக்காரரைப் பார்த்துச் சொல்கிறார்: "தம்பி, லைட்ட அங்கால புடிங்க. சோறு திங்கிற ஆக்கள்ட மொகத்துல அடிக்கிறீங்க." உம்மம்மா சிரித்தார். பிறகு இன்னொரு தரம் அமத்தினார். அதற்குப் பிறகு எத்தனை தரம் என்று நாங்கள் எண்ணவில்லை.

மூன்றாவது தட்டு வாசிக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்தால் பளபளப்பு உதிர்ந்த இடங்கள் ஊசித் துவாரம் மாதிரித் தெரிகின்றன. மூன்று கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தாயிற்று. அதில் அப்பா இன்னும் ஏதாவது பேசினாரா என்று யாருக்கும் ஞாபகமில்லை.

நாங்கள் கலைப்பீடக்காரர். வரலாறு என்றால் ஓலையும் கல்வெட்டும் பத்திரிகையும் என்று படித்தோம். பழைய பாலமும், சஹனைச் சுற்றிக் குந்தியிருந்த பெரியாக்களின் பேச்சும் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. அதைத் தட்டிலிருந்து எடுத்து வைக்க எங்களுக்கு இரண்டு வாரமும் ஒரு பழைய சீடி டிரைவும் போதுமாயிருந்தது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருக்கும். புரோகிராமைப் பிறகு எழுதலாம். முதலில் தட்டைப் பிரதி எடுங்கள், கோப்புக்குத் தமிழில் பெயர் வையுங்கள். சீடி டிரைவ் இல்லாவிட்டால் சொல்லுங்கள், எங்களிடம் இருப்பதைக் கொண்டுவருகிறோம்.